எங்கை போறீர்?

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் நான் ஒரு கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன். அதுவும் கொட்டுகிற மழைக்குள், நடு றோட்டில் காரை நிறுத்தி வைத்துக்கொண்டு!

முதலில் என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருதனார்மடத்திலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். ஐந்து பேர் போகக்கூடிய கார்... போவது நான் ஒருத்தி. முன் சீட்டில் கைப்பை, பின் சீட்டில் சாப்பாட்டுப் பை. இரண்டுக்கும் ராஜ வாழ்க்கை! கொக்குவில் தாண்டுவதற்குள் பள்ளிக்கூட வான்கள், ஓட்டோக்கள், என்னைப் போலவே தனியாக இருந்து ஹோர்ன் அடிக்கிற கார்க்காரர்கள்... "உவையெல்லாம் ஏன் இந்த நேரத்திலை வருகினம்?" என்று நாள் தவறாமல் திட்டுவேன். நான் ஏன் வருகிறேன்? அதை மட்டும் யோசித்ததில்லை.

அன்று பஸ் தரிப்பிடத்தில் தர்சினி நின்றாள். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கிற பிள்ளை. காணும்போதெல்லாம் சிரிப்போம், அவ்வளவுதான். ஒரு கையில் குடை, மறு கையில் ஃபைல், கண் கலங்கியிருந்தது. படியில் ஆட்கள் தொங்கிய பஸ் ஒன்று நிற்காமலே போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியை இறக்கினேன். "பிள்ளை, எங்கை போறீர்?"

அவள் முகம் வெளிறிப் போய்விட்டது. ஏன் என்று எங்கள் ஊர்க்காரருக்குத் தெரியும். பயணம் வெளிக்கிட்டவரிடம் 'எங்கை' என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது. 'தூரவோ?' என்றுதான் கேட்க வேண்டும். 'ஓம், உதிலை போட்டு வாறன்' என்று பதில் வரும். எங்கே என்பது கடைசிவரை தெரியாது!

"ஐயோ அக்கா, இண்டைக்கெண்டு பாத்துக் கேட்டுப்போட்டியளே! ரெண்டு வருசமாத் தற்காலிகமா வேலை செய்யிறன். நிரந்தரமாக்க எட்டரைக்கு இன்டர்வியூ. இதுவும் போச்செண்டால் வேலையே இல்லை!"

எந்த இடம் என்று விசாரித்தால்... என் அலுவலகத்துக்கு நேர் எதிர்க் கட்டடம்! இரண்டு வருடமாக நான் வெறும் சீட்டுகளோடு இவளைக் கடந்து போயிருக்கிறேன். எனக்கு விசரே பிடித்துவிட்டது.

"ஏறும் கெதியா!"

"இல்லையக்கா. வீட்டை போய்க் கொஞ்சம் இருந்து, தண்ணி குடிச்சிட்டு வந்தால்தான்..."

"கண்டறியாத சகுனம்! ஏறி இரும். இந்தாரும் தண்ணி, குடியும். எல்லாம் சரி!"

என் போத்தலை வாங்கி, "பிள்ளையாரே" என்று இரண்டு மிடறு குடித்தாள். பிறகுதான் காரை எடுக்க விட்டாள்.

கொக்குவிலில் வழக்கம்போல வாகன அடைசல். அவள் நகத்தைக் கடிக்க, நான் பள்ளிக்கூட வானைக் கெஞ்ச... ஒருவாறு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். குடையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினாள்.

மத்தியானம் வரை எனக்கு வேலை ஓடவில்லை. என் வாயால் அந்தப் பிள்ளையின் வேலை போய்விடுமோ? சகுனத்தை நம்பாதவள்தான் நான்... ஆனாலும் ஒரே அந்தரம். சாப்பாட்டுப் பையைத் திறக்கவும் மனம் வரவில்லை.

அப்போது வாசலில் தர்சினி. குடைக்காக வந்தாள் என்று நினைத்தேன். "அக்கா, கிடைச்சிட்டுது!" என்று கத்திக்கொண்டே கட்டிப்பிடித்தாள். நானும் சேர்ந்து கத்தினேன். ஒஃபிஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

பின்னேரம் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன்: காலையில் எங்கை போறியள்? ஒருவரும் வெளிக்கிட்டு நிற்கவில்லை, ஆகவே குற்றமில்லை. கணக்கு வாத்தியார் தினமும் என் காருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவராம்! கடைசி வீட்டு மருந்துக்கடைக்காரரும் நகரத்துக்குத்தானாம். வாத்தியார் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டார். இப்போது ஒரே காரில் நாலு பேர். வாத்தியாருக்குச் செய்தி வேண்டும், தர்சினிக்குப் பாட்டு வேண்டும். கொக்குவில் அடைசல் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சண்டை முடிவதற்குள் அதைத் தாண்டிவிடுகிறோம். என் கைப்பை மட்டும் பாவம், காலடியில் கிடக்கிறது.

நேற்றுத் தரிப்பிடத்தில் ஒரு பெண் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நின்றாள். ஒரு சீட் இருக்கிறதே என்று காரை நிறுத்தினேன். நான் வாய் திறக்கும் முன்பே தர்சினி கண்ணாடியை இறக்கி, "எங்கை போறியள்?" என்று கேட்டாள்.

கேட்ட கையோடு தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினாள்!