பாண்டியன் சார் பேரை நான் வச்ச பக்கம்

ஜனவரி மாசத்து டெல்லில சர்ச் ஹால் தரை இருக்கே… ரெண்டு சாக்ஸ் போட்டாலும் குளிரு உள்ளங்கால்ல குத்தும். காலைல அங்க ஹிந்தி ஆராதனை. மத்தியானம் மூணு மணிக்குத்தான் எங்க தமிழ்ச் சபைக்கு ஹால் கிடைக்கும். ஆராதனைக்கு முன்னாடி ஒரு மணி நேரம் சண்டே கிளாஸ். நான்தான் டீச்சர்.

தொண்ணூத்தி எட்டு, தொண்ணூத்தி ஒம்பது இருக்கும். நாசரேத் பக்கத்துல இருந்து ஸ்டெனோ வேலைக்கு வந்து ரெண்டு வருஷம். வயசு இருபத்தி நாலு. வாய் மட்டும் அம்பது வயசுப் பிரசங்கியார் வாய்! பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்களைக்கூட விடமாட்டேன்… "மனந்திரும்பிட்டீங்களா?"ன்னு ஆரம்பிச்சிருவேன்.

அன்னைக்குப் பாடம் நியாயத்தீர்ப்பு. சும்மா சொன்னா பிள்ளைங்களுக்கு ஏறாதுன்னு தரையில சாக்பீஸால ஒரு கோடு போட்டேன். வலது பக்கம் செம்மறியாடு, பரலோகத்துக்குப் போறவங்க; இடது பக்கம் வெள்ளாடு, நரகத்துக்குப் போறவங்க. கடைசி நாள்ல ஆண்டவர் இப்படித்தான் எல்லாரையும் பிரிப்பாரு. வீட்டுல இருக்கறவங்க பேரை ஆளுக்கொரு துண்டுச் சீட்டுல எழுதி, அவங்க எந்தப் பக்கமோ அங்க வைங்கன்னேன்.

எவ்வளவு பெரிய முட்டாத்தனம்னு இப்பத் தெரியுது.

ஷீபான்னு ஒரு குட்டி, ஏழு வயசு. அம்மா கிரேஸ் அக்கா எங்க சபை. அப்பா பாண்டியன் சார் மதுரைக்காரர், இந்து. ஆனா கிட்வாய் நகர்ல இருந்து வாராவாரம் ஸ்கூட்டர்ல பிள்ளையைக் கூட்டிட்டு வர்றது அவருதான். கிளாஸ் முடியற வரைக்கும் வெளிய வேப்பமரத்தடியில வேர்க்கடலை உரிச்சிட்டு நிப்பாரு. கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்ட ஏணில ஏறினதும் அவருதான்.

"ஆன்ட்டி, அப்பா எந்த சைடு?"

கையில சீட்டோட நிக்கிறா. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். அது ஆண்டவர் வேலை, நம்ம வேலை இல்லன்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன செஞ்சேன்? "அப்பா இன்னும் ஞானஸ்நானம் வாங்கலையேம்மா… இப்போதைக்கு இங்க வை"ன்னு அவ கையைப் பிடிச்சு இடது பக்கம் வச்சேன்.

அவ வலது பக்கம் வச்சிருந்த தன்னோட சீட்டை எடுத்துட்டு வந்து அப்பா சீட்டு பக்கத்துல வச்சா.

"அடம் பிடிக்காத"ன்னு அதட்டி, அதைத் திருப்பி வலது பக்கமே வச்சேன். ஓன்னு அழுதுட்டா.

அடுத்த ஞாயிறு ஸ்கூட்டரை விட்டு இறங்கவே மாட்டேங்கறா. பாண்டியன் சார் வாசல்ல வந்து நின்னு, "டீச்சர், நான் கூட உக்காந்தா வர்றாளாம். உக்காரட்டுமா?"ன்னு கேட்டாரு. முகத்துல கோவமே இல்ல. சின்னப் பிள்ளைங்க நாற்காலில, முழங்கால் தாடைல இடிக்க, மக கையைப் பிடிச்சுட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாரு.

எனக்கோ உச்சி குளிர்ந்து போச்சு! புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல எழுந்து நின்னு சாட்சி வேற சொன்னேன்… "ஒரு ஆத்துமா ஆண்டவர் பக்கத்துல வந்திருக்கு, ஜெபிச்சுக்கோங்க."

அதுக்கப்புறம் அப்பாவும் வரல, பிள்ளையும் வரல. "பாப்பா தூக்கத்துல அப்பா அப்பான்னு அலறுறா. அவரை ஆபீஸுக்கே விடமாட்டேங்கறா"ன்னு கிரேஸ் அக்கா சொன்னாங்க. என்னைத் திட்டக்கூட இல்ல.

எங்க சபையில ஒரு பழக்கம் உண்டு. திருவிருந்துக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனை. யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, அன்னைக்கே அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் மறுநாள் அப்பமும் திராட்சரசமும் எடுக்கணும். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நானும் போனேன். படிக்கட்டு கிட்ட ஸ்கூட்டர் நிக்குது. மேல டிவி சத்தம், ஷீபா ஹிந்தில ஏதோ கத்திச் சிரிக்கிற சத்தம்.

மன்னிப்புக் கேட்டா நான் நடத்தின பாடமே தப்புன்னு ஆயிருமே… அந்த வீம்பு. கொஞ்ச நேரம் கீழேயே நின்னுட்டுத் திரும்பிட்டேன். மறுநாள் முழங்கால் போட்டு அப்பமும் வாங்கினேன், பாத்துக்கோங்க.

ஜூன்ல அவங்களுக்குப் புனேக்கு ட்ரான்ஸ்பர்.

போன மாசம் கிரேஸ் அக்காகிட்ட இருந்து வாட்ஸப். பாண்டியன் சார் தவறிட்டாராம்.

இப்பல்லாம் சண்டே கிளாஸ்ல பிள்ளைங்களை யாரும் இப்படிப் பயமுறுத்தறதில்ல. கலர் அடிக்கிறாங்க, ஆடிப் பாடுறாங்க, கேக் சாப்பிடுறாங்க… நல்லதுதான். நியாயத்தீர்ப்பை நான் இன்னைக்கும் நம்புறேன். முந்தியைவிட அதிகமாவே நம்புறேன். என்ன, அப்ப அடுத்தவங்களுக்காகத்தான் பயந்தேன்.

ஷீபாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுன்னு அக்கா அவ நம்பரையும் அனுப்பியிருக்காங்க. ஒரு மாசமா எடுத்து எடுத்துப் பார்க்கறேன். போன் பண்ணல. அதுக்குப் பதிலா இங்க உக்காந்து இவ்வளவு நீளமா எழுதிட்டு இருக்கேன்… தமிழ்ல.

டெல்லிலயும் புனேலயும் வளர்ந்த பொண்ணு அவ. தமிழ் வாசிக்க வராதுன்னு எனக்கு நல்லாவே தெரியும்.