அறுநூறு கிலோமீட்டர், எழுபது நிமிடம்

இது கட்டுக்கதை இல்லை. எனக்கே நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பேய் என்றாலே கெக்கேபிக்கே என்று சிரித்த ஆள்தான் நானும்.

நானும் தம்பியும் ஒரே நகரத்தில் வேலை பார்த்தோம். முந்தின நாள் கட்டட வேலையில் சாரம் சரிந்து தம்பி போய்விட்டான். அம்மா இருப்பதோ அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, தனியாக. இதய நோயாளி. போனில் சொன்னால் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவாள். அதனால் ஒரு கணக்குப் போட்டேன். காலை ஆறு மணிக்கு உடலைப் பெட்டியில் வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றி, தம்பியின் கூட்டாளியைத் துணைக்கு அனுப்பினேன். சாலை வழியாகப் பன்னிரண்டு மணி நேரம். நான் பதினோரு மணி விமானம் பிடித்தால் எழுபதே நிமிடம். பெட்டி வந்து சேர்வதற்குள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லச் சொல்லிவிடலாம். ஊரில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

விமானத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். 'அம்மா, தம்பிக்கு உடம்பு சரியில்ல...' அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மணி ஒன்று. அம்மாவே கதவைத் திறந்தாள்.

"வாடா. அவன் அப்பவே வந்துட்டான்."

"யாரும்மா?"

"உன் தம்பிதான். குளிக்கிறான்."

தூக்கிவாரிப் போட்டது. பாவம், ஏதோ குழம்பிப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அப்போதுதான் கேட்டது... குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். சளக்... சளக்... நடுவே விசில். சுருதியே சேராத விசில். அவனுக்குத்தான் அப்படி அடிக்க வரும். "குளிக்கிறியா, குடித்தனம் நடத்துறியாடா?" என்று எத்தனை நாள் கதவைத் தட்டியிருக்கிறேன்!

இன்று தட்டக் கை வரவில்லை.

"அம்மா... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நீ ஒண்ணும் சிரமப்படாத. அவனே எல்லாத்தையும் சொல்லிட்டான்."

அழவில்லை. கண்கூட இமைக்கவில்லை. கொடியிலிருந்து துண்டை உருவினாள்.

"நான் அவன்கூடப் போறேன். தனியாப் போகப் பயப்படுறான். நீ மெதுவா வா."

குளியலறைக் கதவு திறந்தது. உள்ளே போனாள். கதவு மூடியது.

விசில் நின்றது.

தண்ணீர் நின்றது.

"அம்மா...?"

கதவைத் தள்ளினேன்.

யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

படுக்கையறைக்கு ஓடினேன். கட்டிலில் அம்மா... கழுத்துவரை போர்வை. கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். தெருமுனை டாக்டரை யாரோ கூட்டி வந்தார்கள்.

"கடைசியா எப்ப பேசினாங்க?" என்றார் டாக்டர்.

"இப்பத்தான் சார். அவங்கதான் கதவைத் திறந்தாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"இங்க பாருப்பா, அம்மா உடம்பு விறைச்சுப் போச்சு. விடியறதுக்கு முன்னாடியே போயிருக்காங்க."

விடிவதற்கு முன்... ஆம்புலன்ஸ் அப்போது கிளம்பவே இல்லை. எதில் பறந்து வந்திருந்தாலும் நான் அவளை உயிரோடு பார்த்திருக்க முடியாது.