சொந்தக்காரங்க க்ரூப்பில் ஒரு வீல் கேப்

போன சனிக்கிழமை என் மகளின் தொழிலை நானே கவிழ்க்கப் பார்த்தேன். இன்னும் போன் ‘டிங்’ என்றால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

நித்யாவுக்குப் போத்தனூரில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை. காருக்கு மாற்று வீல் கேப் செய்கிறாள். சக்கரத்தின் மேல் வட்டமாக மாட்டியிருக்குமே, ஸ்பீட் பிரேக்கரில் கழன்று உருண்டு ஓடுமே... அதேதான்.

இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை. கார் கம்பெனி போட்ட மாதிரியே செய்தால் ஜனங்கள் வாங்குவார்கள். டிசைனைப் பதிவு செய்து வைத்திருக்கும் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பும். போன வருடம் அப்படி ஒன்று வந்தது. நித்யா அந்த அச்சையே ஓரங்கட்டினாள். நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள்.

“காப்பி அடிச்சாத்தானுங்கம்மா நோட்டீஸ்? நானே புதுசாப் போடறேன்” என்றாள்.

அதே காருக்குப் பொருந்தும், ஆனால் சொந்த டிசைன். காற்றாடி மாதிரி வளைந்த ஏழு இதழ். ஆறு மாதம் வரைந்து, அழித்து, வரைந்து... வக்கீல் சொன்னது ஒன்றுதான் — திங்கட்கிழமை விண்ணப்பம் போடும்வரை வெளியில் யார் கண்ணிலும் படக்கூடாது. பட்டால் அது புதுசு இல்லை என்றாகிவிடும். பதிவு கிடைக்காது. யார் வேண்டுமானாலும் அதையே செய்து விற்கலாம்.

சனிக்கிழமை மதியம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். மேஜைமேல் வீல் கேப். பெற்ற மனசு கேட்குமா? படம் எடுத்து, ‘எங்க நித்யாவின் புது டிசைன்’ என்று எழுதி, சொந்தக்காரங்க க்ரூப்பில் போட்டுவிட்டேன்.

வெளியில் காட்டக்கூடாது, சரி. சொந்தக்காரர்கள் வெளியாட்களா?

இது வினையாவது எங்கள் ஊரில்தான். க்ரூப்பில் பாதிப்பேர் ஏதாவது ஒரு பார்ட்ஸ் செய்கிறவர்கள். கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையை எழுப்பினால் முழுக் காரையே கோத்துவிடலாம். என் கணவரின் சித்தப்பா மகன், பெருந்துறைக் கொழுந்தனார், செய்வதே வீல் கேப்!

கை கழுவிவிட்டு வந்த நித்யாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“யாருக்குங்கம்மா அனுப்புனீங்க?”

“நம்ம க்ரூப்புக்குத்தான் கண்ணு. வெளியில இல்ல.”

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பதறிப்போய் அழித்தேன். அதற்குள் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள்.

போன் அடித்தது. கொழுந்தனார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஏனுங்க அண்ணி, அழிச்சுப்போட்டீங்க? நான் பாத்துப்போட்டேனுங்க.”

நான் ஸ்பீக்கரை அணைக்கத் தேடுவதற்குள் அவரே தொடர்ந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கார் கம்பெனில இருந்து வரும்போதே இதைத்தானுங்க மாட்டிக்கிட்டு வருது. இதுல எதுங்க புதுசு?”

என் மகளின் ஆறு மாத உழைப்பை இப்படிச் சொல்லலாமா? நான் வாயைத் திறப்பதற்குள் நித்யா போனைப் பிடுங்கினாள். கேலரியில் அந்தப் படத்தைத் தேடிப் பெரிதாக்கினாள். விரலால் இதழ்களை எண்ணினாள்.

ஆறு.

அளவு ஒப்பிட மேஜையில் கம்பெனி வீல் கேப்பையும் வைத்திருந்திருக்கிறாள். நான் எடுத்த படம் அதுதான். அவளுடையது பக்கத்தில்தான் இருந்தது — அதன்மேல் நான் வைத்த டிபன் கேரியர் கூடைக்கு அடியில்.

“சித்தப்பா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க” என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“என்ன கண்ணு, கோவிச்சுக்கிட்டயா?”

“இல்லீங்க சித்தப்பா. செவ்வாக்கெழம வாங்க, புதுசு காட்டறேன்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “பெத்தவளுக்கே வித்தியாசம் தெரியலீங்களேம்மா?”

“கண்ணாடி போடலை கண்ணு.”

கண்ணாடி போட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. பிள்ளை செய்தது என்றால் போதும், என்ன செய்தது என்று நாம் எங்கே பார்க்கிறோம்?

திங்கட்கிழமை விண்ணப்பம் போட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை கொழுந்தனார் வந்தார். கேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது அம்மணி. இரு, நான் எட்டு இதழ் போட்டுப் பாக்கறேன்” என்றார். நித்யாவுக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டுமா?

இப்போது படம் போட எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. மேலே நான் போட்டிருக்கும் படம் அதுதான். ஏழு இதழ் — மூன்று தடவை எண்ணிவிட்டேன்.