கவிழ்ந்திருந்த கோப்பைகள்

முதலில் ‘டக்’கென்று ஒரு சத்தம், பிறகு தண்ணீர் சொட்டும் சத்தம். விளக்கு வைத்த பிறகு என் அடுப்படியில் அது கேட்கத் தொடங்கியது, நான் பேய்ப் படத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில்தான். ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே எந்தப் பொருளும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். கைப்பிள்ளையோடு தனியாகப் படுப்பவர்களே, அந்தப் பழக்கத்தோடு வீட்டுக்குப் போனால் தூக்கம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பேயின் உரிமை

படப்பிடிப்பு ஈஜோக் பக்கம், ஒரு பழைய ரப்பர் தோட்டத்து பங்களாவில். எழுபதுகளில் வாழ்ந்த சந்தோஷத்தை விட மனமில்லாமல் வீட்டை அப்படியே வைத்திருக்கும் ஒருத்திக்கு மெல்ல மெல்லப் புத்தி பேதலிப்பதுதான் கதை. பெரிய ரேடியோ, பூப்போட்ட திரை, தேன் நிறத்தில் வெளிச்சம். பயத்தைக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைத்தது போல இருக்கும். முதல் நாளே மேசைக் கோப்பையின் பிடி திரும்பியிருந்ததைக் கோட்டை விட்டேன். இயக்குநர் திட்டவில்லை. “பேய் நகத்துறது மட்டும்தாம்மா நகரணும். மத்ததெல்லாம் உன் பொறுப்பு.”

ஜொகூரிலிருந்து ஆறுதல்

சிங்க்கில் போட்டுவிட்டுப் போன கோப்பைகள், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தால் தட்டில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. பின்கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையாது. சாத்தி வைப்பதோடு சரி. பேய் இல்லை என்று கான்வெண்ட் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளே வருவது மனுஷனாக இருந்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை.

முன்னும் பின்னும் படம் எடுத்து, ஜொகூரில் லோரி ஓட்டும் என் கணவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். “பாத்திரம் கழுவுற பேய்னா விட்டுடாதே லா!”

தேன் வெளிச்சம்

பக்கத்து வீட்டு சரோஜாக்கா, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். வேலைக்காரி வேடத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். நாயகி குடித்து வைத்த கோப்பையில் உதட்டுச்சாயக் கறை அப்படியே இருக்க வேண்டும். ‘கட்’ சொன்ன மறுநிமிடம் அக்கா அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

சமாதானமாக ஏதாவது பேச நினைத்த கேமராக்காரர், “அந்தக் காலமே தனி அழகுக்கா” என்றார். அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “இம்புட்டு அழகா இருந்திருந்தா நாங்க ஏன் தம்பி டவுனுக்கு ஓடியாந்தோம்?”

சோப்பு நுரை

இன்று மறுபடியும் ‘டக்’. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையில் விளக்குமாற்றோடு போய் அடுப்படி வாசலில் நின்றேன். கையெல்லாம் சோப்பு நுரையோடு சரோஜாக்கா. செட்டில் அவர் கோப்பையைக் கழுவியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

“சொல்லிட்டு வரக்கூடாதாக்கா?”

“கேட்டா வேணாம்னுடுவே. புள்ளையோட ஒத்தையில கெடந்து அல்லாடுற. சத்தம் போட்டா அது முழிச்சுக்கும். லயத்துல, புள்ளைக்காரி வீட்டுக்குள்ள போக யாரும்மா கதவைத் தட்டுனா?”

பிறகுதான் என் கையிலிருந்த விளக்குமாற்றைப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. தன் வீட்டுக்குப் போய்ப் பாயோடு வந்தார். தாழ்ப்பாளில் தேங்காயெண்ணெய் ஊற்றி, அம்மிக்குழவியால் தட்டித் தட்டி, ஒருவழியாக இழுத்துப் போட்டார். “அவரு வர்றவரைக்கும் நான் இங்கதான். இனிமே பேய் வந்தா தட்டிட்டு வரட்டும்.”

இத்தனை நாள் என்னைத் தூங்கவிடாத பேய் இப்போது பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கவிடாமல் செய்கிறது, ஆனால் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது.