நான் சொல்லாமல் விட்ட ஊசி

சில வருடங்களுக்கு முன், தீபாவளி கழிந்த மழைக் கிழமை ஒன்றில், றக்வானைப் பக்கம் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், நடந்தது இது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தமிழைப் போலவே சிங்களமும் சரளமாக வரும் என்பதால் அந்த வாய்க்கு வேலையும் அதிகம். யாருக்குக் கடிதம் வந்தாலும் வாசித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பராவில் இருந்தவள் ஹட்டன் பக்கத்துப் பெண். மகளுக்கு ஒரு வயது ஆகும் சமயத்தில் இங்கே குடிவந்தார்கள். தமிழ் ஆட்களுக்குள்ளேயே வளர்ந்தவளுக்குச் சிங்களம் சுத்தமாக வராது. கடையோ, தோட்டத்து ஆபீஸ் கந்தோரோ, எங்கே போனாலும் நான் கூட நிற்க வேண்டும். "அக்கா, என்னா சொல்றாங்க?" என்று என் முகத்தையே பார்ப்பாள்.

நான் அப்போது ஒரு பன்றி வளர்த்தேன். என் மகனுக்காக மாடசாமிக்கு நேர்ந்துவிட்ட பன்றி. லயத்துக்குப் பின்னால், கிராமத்து வயல் தொடங்கும் இடத்தில் கொட்டில். நேர்ந்துவிட்டதைப் பூசை நாள் வரை அந்த இடத்தை விட்டுக் கிளப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த மழைக் கிழமையில் ஒரு பின்னேரம் பி.எச்.ஐ. மாத்தையா, சுகாதாரப் பரிசோதகர், வந்தார். இளம் வயது, நல்ல மனிதர். கொட்டிலைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். வயல் தண்ணீரில் பெருகும் கொசு பொழுது சாயும் நேரத்தில் வந்து பன்றியைக் கடிக்குமாம். பன்றிக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் இரத்தத்தில் கிருமி பெருகுமாம். அந்த இரத்தத்தைக் குடித்த கொசு மனிதரைக் கடித்தால் மூளைக்காய்ச்சல் வரலாம், அதனால் பன்றியைத் தூரத்துக்கு மாற்றுங்கள் என்றார். என் காதில் விழுந்ததெல்லாம் கடைசி வார்த்தைதான். ஏறியது பாருங்கள் கோபம்!

"மாத்தையா, இது சாமியோட பன்றி. இதக் கடிக்கிற கொசுவ சாமியே பாத்துக்கும்" என்று சிங்களத்தில் எடுத்துவிட்டேன். சுற்றி நின்ற லயத்து ஆட்களில் சிங்களம் தெரிந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். பிறகு வாசலில் விளையாடிய பிள்ளைகளைப் பார்த்து, ஒரு வயதில் போடும் மூளைக்காய்ச்சல் ஊசியை யாராவது தவறவிட்டிருந்தால் புதன்கிழமை கிளினிக்குக்குத் தடுப்பூசிக் கார்டோடு கூட்டி வரச் சொன்னார்.

அவர் போனதும் அவள் என் பக்கத்தில் வந்தாள். "அக்கா, பாப்பாவப் பாத்து என்னமோ சொன்னாரே?"

"பன்றியத் தூக்கணுமாம். இவங்களுக்கு வேற வேலையே இல்ல. நீ போயி அடுப்பப் பாரு."

அவ்வளவுதான் சொன்னேன். என் மகனுக்கு அந்த ஊசி எப்போதோ போட்டாயிற்று. அதனால் அந்தப் பேச்சே என் மண்டையில் நிற்கவில்லை. ஒரு நிமிடம் பிடித்திருக்குமா அதைச் சொல்ல?

அந்த மாதம் முடிவதற்குள் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு அழுது, வாந்தி எடுத்து, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தாள். பிறகு வலிப்பு. தோட்டத்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். வளைவுக்கு வளைவு தாய்க்காரி என் தோளை இறுக்கிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார், ஒரு வயது ஊசி போட்டதா என்று. வழக்கம்போல அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேட்டதைத் தமிழில் சொன்னேன்.

"அப்புடி ஒரு ஊசி இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையே அக்கா."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இதையும் நான்தானே சிங்களத்தில் சொல்ல வேண்டும்? "யாரும் சொல்லலையாம்" என்றேன். சொல்லாமல் விட்டது யார் என்று சொல்லவில்லை.

மூளைக்காய்ச்சல்தான், இந்தக் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை, காய்ச்சலையும் வலிப்பையும் அடக்கிக்கொண்டு காத்திருக்கத்தான் முடியும் என்றார். வெகு நாள் காத்திருந்தோம். பிள்ளை பிழைத்தாள், கடவுள் புண்ணியம். ஆனால் இப்போதும் வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். ஒரு வார்த்தை சொல்ல ரொம்ப நேரம் எடுக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கொட்டிலைப் பிரித்துப் பன்றியைத் தூரத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. எந்தப் பன்றி, எந்தக் கொசு என்று யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா சொன்னது உண்மைதான். பன்றி விஷயத்தில் சந்தேகமாவது இருக்கிறது, ஊசி விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

இப்போது லயத்துக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் முதலில் பிள்ளையின் கார்டைத்தான் கேட்கிறேன். அவளோ, "அக்கா மட்டும் இல்லாட்டி அந்த ஆஸ்பத்திரியில நான் ஊமையாத்தான் நின்னுருப்பேன்" என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அவள் நன்றாகத் தமிழ் வாசிப்பாள். பெயர் போடாமல் எழுதினாலும் இது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அன்று சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்ட இந்த வாய்க்கு இன்று வரை அவளிடம் உண்மையைச் சொல்லவும் தைரியம் வரவில்லை, அதனால்தான், அவளுக்குத் தெரியட்டும் என்றே இதை எழுதுகிறேன்.