மூவாயிரம் புக்மார்க், ஒரு முழங்கால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும் வழி முழுக்க என் மனைவி ரீட்டா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்த தவறுகளை மனத்துக்குள் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். கள்ளிக்குப்பம் வருவதற்குள் நாலு தேறியது.

நாலும் இல்லை. பிரச்சினை முழங்கால்.

எங்கள் கோயிலில் பாடகர் குழுவுக்கு இடம், வாசலுக்கு மேலே உள்ள மாடத்தில். ஏறுவதற்கு வளைந்த இரும்புப் படி, மொத்தம் இருபத்திரண்டு. பதினெட்டு வருடமாக ரீட்டா அங்கே நின்றுதான் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரலுக்கான வரிகளை, பாடுகிறாள். அன்றைக்குப் பத்தாவது படியில் கால் மடங்க மறுத்துவிட்டது. குழு மாஸ்டர் நல்ல மனிதர். மூன்று வாரத்தில் வரும் திருவிழாவுக்கு அவள் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடலாம் என்று மிகுந்த மரியாதையோடு சொல்லியிருக்கிறார். அந்த மரியாதைதான் அவளுக்கு வலித்தது.

போன வருடமும் இதே வலி வந்தது. டாக்டர் மாத்திரையைவிடப் பயிற்சிதான் முக்கியம் என்றார். நான் இணையத்தில் துழாவி ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தேன். ஏழு பயிற்சிகள், படங்களோடு. டாக்டரிடம் காட்டினோம், தாராளமாகச் செய்யலாம் என்றார். ஒன்றரை மாதம் விடாமல் செய்தாள். வலி போனது. வலி போனதும் பயிற்சியும் போனது... யார்தான் தொடர்கிறார்கள்? அப்போது நான் கம்பீரமாகச் சொன்ன வாக்கியம் இன்றும் காதில் கேட்கிறது: “எங்க போயிடப் போவுது? புக்மார்க் பண்ணி வச்சிருக்கேன்.”

“அதை எடுங்க” என்றாள் ரீட்டா.

என் புக்மார்க்குகளைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும். மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம். ஒரு ஃபோல்டரின் பெயர் ‘பிறகு படிக்க’. அது நிரம்பியதும் ‘கட்டாயம் படிக்க’. அதன் பிறகு ‘கட்டாயம் படிக்க – உண்மையாகவே’. கடைசியாக ‘புதிய ஃபோல்டர் 4’. ஒன்று, இரண்டு, மூன்று எங்கே என்று எனக்கும் தெரியாது. சோழர் காலத்து நீர்ப்பாசனம் பற்றி ஏழு கட்டுரைகள். சமையலறை ஸிங்க் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒன்பது.

புக்மார்க் போடுகிற அந்தக் குட்டி நட்சத்திரத்தை ஏன் அழுத்துகிறோம்? அழுத்திய கணமே படித்து முடித்த திருப்தி வந்துவிடுகிறது. அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?

‘முழங்கால்’ என்று தேடினேன். நாற்பத்தாறு பக்கங்கள் வந்தன. அதில் ஒன்று யானைக்கு எத்தனை முழங்கால் என்பது பற்றி. இதை நான் எந்த மனநிலையில் சேர்த்தேன் என்று விளங்கவில்லை. நாற்பத்தாறில் எங்கள் பக்கம் இல்லை. இரண்டு நாள் தேடினேன். ரீட்டா காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் சவரிமுத்து அண்ணன் வந்தார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர். ஆவடி ஃபேக்டரியில் முப்பது வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸிலேயே வாழ்க்கையைக் கழித்தும் திருநெல்வேலிப் பேச்சு மாறவில்லை. அவர் வீட்டு உளுந்து டப்பாவில்கூட ஓர் அட்டை தொங்கும் — என்றைக்கு வந்தது, எவ்வளவு எடுத்தது, எவ்வளவு மிச்சம் என்று.

என் லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இதெல்லாம் கடைசியா எப்ப தொறந்து பாத்திய, தம்பி?”

நான் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன்.

ஸ்டோரில் இதற்கு ‘நான்-மூவிங்’ என்று பெயராம். வருடக்கணக்கில் யாரும் கேட்டு வராத சரக்கு. பட்டியல் போட்டு, உதவாது என்று எழுதி ‘கண்டம்’ பண்ணி, வெளியே தள்ளிவிட வேண்டுமாம். இதைச் சொல்லும்போது அவர் பார்வை என் மேலும் ஒரு நொடி தங்கியது.

பிறகு வேலையில் இறங்கினார். பெயரை வைத்துத் தேடுவதே தப்பு என்றார். “எழுதுதவன் பேரத் தப்பா எழுதுவான். தேதிய வச்சுத் தேடுங்க. சரக்கு என்னைக்கு உள்ள வந்திச்சு?”

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ரீட்டாவுக்குத் தெரிந்திருந்தது. கிணற்று மோட்டார் புகைந்து போன அன்று. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு வாளித் தண்ணீர்கூட அவளால் தூக்கி வர முடியவில்லை. அந்த மத்தியானம்தான் நான் லேப்டாப்பைத் திறந்தேனாம்.

சேர்த்த தேதி வரிசைப்படி மாற்றினோம். கீழே இறங்கிக்கொண்டே போனால்... ‘மோட்டார் காயில் கட்டுவது எப்படி’ — தொடர்ச்சியாக நான்கு. (கடைசியில் கட்டியது மெக்கானிக்தான்.) அதற்கு அடுத்து ‘பக்கம் 3’. வெறும் ‘பக்கம் 3’, வேறு பெயரே இல்லை. இதுதான், இதேதான்! வெற்றி வீரனைப் போல அழுத்தினேன்.

‘நீங்கள் தேடும் பக்கம் கிடைக்கவில்லை.’

அந்தத் தளத்தையே மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அட்ட இருக்கு. ரேக்குல சரக்கு இல்ல. இம்புட்டு வருசமா அட்டயத்தான் சேத்து வச்சிருக்கிய, தம்பி.”

ரீட்டா திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். “சரி, நான் கீழயே உட்கார்ந்து பாடிக்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள். எழுத்தையே தொழிலாக வைத்திருக்கும் நான், ‘பக்கம் 3’ஐ இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன்.

அண்ணன்தான் அவளை நிறுத்தினார். “ஏ, ரீட்டாம்மா. சரக்கு ஸ்டோர விட்டு ஓங்கிட்டத்தான இஷ்யூ ஆச்சு? ஒன்றர மாசம் நீதான பொழங்குன? எங்ககிட்ட எப்படி இருக்கும்? ஓங்கிட்டத்தான் இருக்கும்.”

ஒரு டவலைக் கேட்டு வாங்கி, சுருட்டிக் கொடுத்தார். ரீட்டா நம்பிக்கையில்லாமல்தான் பாயில் உட்கார்ந்தாள். டவலை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தினாள். அது ஒன்று. காலை நீட்டி மெதுவாக உயர்த்தினாள். இரண்டு. மூன்றாவது நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் மெல்ல ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

போன வருடம் கால்களைத் தூக்கி நிறுத்தும்போது அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லையாம். சலிப்பாக இருந்ததால், ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு பாட்டின் ஆல்ட்டோ வரி. திருப்பலியில் பாடுகிற அதே வரிசையில். ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கியபோது, கால் தானாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. நான்கு, ஐந்து... ஏழும் வந்தது. நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அண்ணன் வாங்கிப் படித்துவிட்டு, மேலே தேதி போடச் சொன்னார்.

இரண்டரை வாரம் ஒரு நாள் விடாமல் செய்தாள். திருவிழா அன்று மாலை ரீட்டா அந்த இருபத்திரண்டு படிகளையும் ஏறினாள். மெதுவாகத்தான், கம்பியைப் பிடித்துக்கொண்டுதான். மேலே மாஸ்டர் எதையோ புரட்டுவது போலக் காத்துக்கொண்டு நின்றார். கூட்டுப் பாட்டில் ஆல்ட்டோவைத் தனியாகப் பிரித்துக் கேட்கும் காது எனக்கு இல்லை. அண்ணாந்து அவள் வாயசைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தினமும் காலையில் நானும் ஒரு பாயைப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்கிறேன். ஏழில் நான்கு எனக்கு மனப்பாடம். மீதி மூன்றை அவளைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன்.

அந்த மூன்றையும் கற்றுக்கொள்வதில் எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.