பலகைத் தரையில் ஒரு துளை

திண்டுக்கல் மாவட்டத்தில் பயம் என்பதை அடியோடு ஒழித்துக்கட்டிய ஒரே ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொல்கிறேன். எங்கள் கல்லூரி விடுதியில் மூன்று வருடமாக 'கொசு' என்றொரு கையெழுத்துத் தாள் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவருகிறேன். பேய், செய்வினை, ராகுகாலம், விடுதிச் சாம்பார் என்று மனிதர்களை மிரட்டும் எதையும் அதில் நான் விட்டுவைத்ததில்லை.

என் பெயர் அழகன். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இனி எழுதப்போவது உண்மையில் நடந்தது. போன அக்டோபரில், கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறையிலிருந்து கூக்கால் போகும் ரோட்டோரம் இருக்கும் ஒரு பங்களாவில், என் கண் முன்னால் நடந்தது. பேய் என்றால் நள்ளிரவு பன்னிரண்டு மணியை எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கவும். இது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. என் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். ராத்திரி என்றால் தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

நான் அங்கே போனது ராஜ்மோகன் சாருக்காக. எழுபத்தொரு வயது. ஜாஸ் வாசிப்பவர். அவருடைய வாத்தியம் டபுள் பாஸ். பூம்பாறைப் பூண்டுக்குப் போடும் உரத்தை ஒரு வயலினுக்குப் போட்டு வளர்த்தால் என்ன உயரம் வருமோ, அந்த உயரம். அணைத்துப் பிடித்து, நின்றுகொண்டு, விரலால் மீட்ட வேண்டும். பதினெட்டு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர் அவர். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் புல் வெட்டும் வேலை. அந்தப் பள்ளியின் ஸ்டோர் ரூமில் தூசியோடு கிடந்த பாஸைத் தொட்டதோடு புல் வெட்டுவது நின்றது. பிறகு சென்னை, பெங்களூர், ஹோட்டல்கள், சொகுசுக் கப்பல்கள்.

ஐம்பது வருடமாக அவர் தேடியது ஒன்றே ஒன்றைத்தான். தன் சத்தம்.

"ரேடியோல ஒரு தட்டு தட்டுனா, இது ராஜ்மோகன்னு தெரியணும் தம்பி. வெளங்குதா?"

அதற்காக ஆட்டுக்குடல் நரம்பு, இரும்பு நரம்பு, மறுபடியும் ஆட்டுக்குடல் என்று மாற்றியிருக்கிறார். நரம்புகளைத் தாங்கும் கட்டையைப் பதினோரு தடவை செதுக்கியிருக்கிறார். இரண்டு இசைக்குழுக்களையும் ஒரு மனைவியையும் தொலைத்திருக்கிறார். சத்தம் வரவில்லை. இப்போது வலது கை விரல்கள் மடங்க மறுக்கின்றன. நவம்பரில் ஆபரேஷன். அதற்குப் பிறகு வாசிப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் பேச்சை மாற்றிவிட்டாராம். அதற்குள் ஒரே ஒரு பதிவு, தனியாக, தன் சத்தத்தில். என்னிடம் நல்ல ரெக்கார்டரும் இரண்டு மைக்கும் இருந்தன. 'வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கிற பையன்' என்று அவரிடம் யாரோ என்னைப் பற்றித் தவறான தகவல் கொடுத்திருந்தார்கள்.

பங்களா ஒரு காலத்தில் உருளைக்கிழங்குப் பண்ணை. இப்போது ஹோம்ஸ்டே. உரிமையாளர் சண்முகராஜ், பண்ணைக்காரரின் பேரன்.

"ஃபுல்லா ஒரிஜினல் வுட்டன் ஃப்ளோர் சார். விண்டேஜ். கெஸ்ட் எல்லாம் இதுல நின்னுதான் போட்டோ எடுப்பாங்க."

ராஜ்மோகன் சார் குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே ஹாலைச் சுற்றி வந்தார். ஜன்னலிலிருந்து மூன்றாவது பலகையில் நின்றார். அதில் ஒரு துளை. மோதிர விரல் நுழையும் அளவு. பாஸின் அடியில் ஒரு இரும்புக் கம்பி இருக்கும். அதைத் தரையில் ஊன்றித்தான் வாத்தியத்தை நிறுத்துவார்கள். பலகைத் தரையில் அது வழுக்கும். அதனால் பாஸ் வாசிக்கிறவர்கள் எங்கே போனாலும் தரையில் ஒரு துளை தேடுவார்களாம். கம்பியை அதில் வைத்தார். அளவெடுத்தது போல் உட்கார்ந்தது.

ஒரு தட்டு தட்டினார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை. நரம்பு பாதி, தரை பாதி. வாயை மூடிக்கொண்டு யாரோ அடித்தொண்டையில் கூடவே இழுப்பது போல... ராஜ்மோகன் சார் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"இதான்."

"எது சார்?"

"இதான்டா அது."

சமையல்காரி ஞானம்மா அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் அம்மாவும் இதே பண்ணையில் வேலை பார்த்தவராம்.

"அண்ணே, அதுல வைக்காதீங்கண்ணே. தள்ளி வச்சு வாசிங்க."

"தள்ளி வச்சா வராது ஞானம்மா."

தள்ளி வைத்துக் காட்டினார். உண்மைதான். ஒரு அடி தள்ளினால் சாதாரண பாஸ். அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கம்பியை மறுபடியும் துளையில் குத்தினார்.

எனக்கு ஞானம்மா அக்காவிடம்தான் வேடிக்கை. சண்முகராஜ் போட்டோவுக்காகக் கம்பளத்தை விரித்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் அக்கா வந்து கம்பளத்தை மடித்துச் சுவரோரம் வைப்பார். தினமும் இதே சோலியாம்.

"ஏன்கா மடிக்கிறீங்க?"

"அந்த ஓட்டைய மூடக் கூடாது தம்பி."

"மூடுனா?"

"தெரியாது. எங்கம்மா மூடக் கூடாதும்பாக. நானும் மூடுறதில்ல."

"ஓட்டைக்கு வேர்க்குமோ?"

"உனக்கு வாய் மட்டும்தான் வளந்து கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றே விடுதி வாட்ஸப் குழுவில் 'கொசு' சிறப்பிதழ் வெளியிட்டேன்: மேல்மலையில் ஓட்டைக்கு மரியாதை, தினசரி கம்பளம் விலக்கும் வைபவம், பக்தர்கள் திரளாகக் கலந்துகொள்ள வேண்டுகிறோம். நல்ல வரவேற்பு.

இரண்டாம் நாள், புதன்கிழமை. மதியம் 2.10க்குப் பதிவைத் தொடங்கினோம்.

பாஸில் ஒரு நரம்பைத் தட்டிவிட்டு உள்ளங்கையால் அமுக்கினால் சத்தம் உடனே நிற்க வேண்டும். ரெக்கார்டரில் அளவு காட்டும் கோடு விழ வேண்டும். 2.34க்கு அவர் அமுக்கினார். கோடு விழவில்லை. நான்கு விநாடி நின்றது. ஒயர் கோளாறு என்று ஒயரை மாற்றினேன். 2.51. பதினோரு விநாடி.

"சார், அமுக்குன பிறகும் வருது."

"வரட்டும். அதானே அழகு."

வாசித்து முடித்துக் கம்பியைத் துளையிலிருந்து உருவினார். நுனி ஈரமாக இருந்தது. தண்ணீர் இல்லை. கண்ணாடியில் வாயை வைத்து ஊதினால் படியுமே, அந்த ஈரம்.

நான் அதை என் சட்டையில் துடைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை.

3.05க்குப் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கொடைக்கானலில் இது சாதாரணம். 3.09க்குக் கரண்ட் போனது. இதுவும் சாதாரணம். ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது. அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். விரல் வலிக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. முகம் சிரித்துக்கொண்டும் இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த மனிதரிடமும் பார்த்ததில்லை.

3.17.

டக்.

அடுப்படியில் ஞானம்மா அக்கா ஏதோ இடிக்கிறார் என்று நினைத்தேன். திரும்பினேன். அவர் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒன்றும் இல்லை.

டக். டக்.

தரைக்கு அடியில்.

"சார்..."

அவர் நிறுத்தவில்லை. கூட வரும் முனகல் பெருத்தது. அவர் ஸ்வரம் மேலே போனால் அதுவும் மேலே. அவர் இறங்கினால்... அது இறங்கவில்லை.

இறங்கவே இல்லை. தனியாக ஏறிக்கொண்டே போனது.

"எடுங்கண்ணே! வெரசா எடுங்க!"

பாஸ் உயர்ந்தது.

கண்ணால் பார்த்தேன். அவர் தூக்கவில்லை. அவ்வளவு பெரிய வாத்தியம், அரை விரல்கடை, மேலே. கீழிருந்து யாரோ கம்பியைத் தள்ளினார்கள்.

ராஜ்மோகன் சார் முழு உடம்பையும் சாய்த்து அதைக் கீழே அமுக்கினார்.

"விட மாட்டேன்!" தரையைப் பார்த்துக் கத்தினார். "அம்பது வருசம்! இது என் சத்தம்!"

தட்டுவது நின்றது.

முனகலும் நின்றது.

அவர் நரம்பைத் தட்டினார். வெறும் நரம்பு. காய்ந்த, சாதாரண சத்தம். மறுபடி தட்டினார். ஒன்றுமில்லை.

அப்போதுதான் அது கேட்டது. பிறாண்டல். பலகையின் அடியில், நகத்தால்.

வேகமாக...

கொஞ்சம் மெதுவாக...

இன்னும் மெதுவாக...

அவர் முகம் மாறியது. கம்பியைப் பிடுங்கினார்.

காற்று.

துளையிலிருந்து வெளியே வரவில்லை. துளைக்குள்ளே போனது.

அறையில் நின்ற பனி வளைந்தது. கயிறு போல முறுக்கிக்கொண்டு, மூன்றாவது பலகைக்கு இறங்கி, உள்ளே போனது. நீளமாக. ரொம்ப நீளமாக...

ஒரு இருமல்.

எங்கள் காலுக்குக் கீழே.

3.21.

மறுநாள் வெள்ளனே சண்முகராஜ் தச்சரோடு வந்தார். இரும்புக் கம்பி அவருடைய விண்டேஜ் தரையைக் கெடுத்துவிட்டதாம். தச்சர் காளீஸ்வரன், கூக்கால்காரர். நடந்தது எதையும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. பலகையை நெம்பி எடுத்தார். அடியில் ஒரு பள்ள அறை. விதைக்கிழங்கு போட்டுவைக்கும் கிடங்கு. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். வெளியிலிருந்து அதற்கு இருந்த வாசலை எப்போதோ சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். உள்ளே காய்ந்த மண். வேறு ஒன்றுமில்லை.

காளீஸ்வரன் பலகையைத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது மேலருந்து போட்ட ஓட்டை இல்லீங்க. கீழருந்து போட்டது."

மேலே விரல் அளவு. கீழே கிண்ணம் போல அகலம். சுரண்டிச் சுரண்டி எடுத்த பள்ளம்.

"உளி படல. ஆணியோ, கரண்டிக் காம்போ. இந்த மரத்துல இவ்வளவு தூரம் வரணும்னா ஒருநாள் ரெண்டுநாள் சோலி இல்லீங்க."

பள்ளத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மரம் கறுத்து வழவழவென்று இருந்தது. ஒரு முகம் படுகிற அகலம்.

"எங்க தாத்தா டைம்ல கிழங்கு திருடுறவங்கள கொஞ்ச நேரம் உள்ள போடுவாங்க சார்," என்றார் சண்முகராஜ். "எல்லாப் பண்ணையிலயும் உள்ளதுதான். ரிவ்யூல மட்டும் போட்ராதீங்க ப்ளீஸ்."

"கொஞ்ச நேரம்," என்றார் ராஜ்மோகன் சார்.

"ஆமா சார்."

"அப்புறம் தொறந்துவிட்டது யாரு?"

"அது எனக்கு முந்தி சார்."

"வாசலைப் பூசுனது யாரு?"

சண்முகராஜ் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அழைப்பு எதுவும் வரவில்லை. காய்கறிக் கூடையோடு நின்ற ஞானம்மா அக்கா அந்தக் கறுத்த மரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவரை அந்த மாதிரி முகத்தோடு நான் பார்த்ததில்லை. சண்முகராஜின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு. செய்யவில்லை. கிண்டல் எழுதுகிறவன் வேறென்ன செய்வான்?

காரில் ஏறும் முன் ராஜ்மோகன் சார் ரெக்கார்டரை நோக்கிக் கையை நீட்டினார்.

"அழி."

"சார், ரெண்டு நாள் பதிவு. நீங்க தேடின..."

"தோட்டத்துக் கூலி லயத்துல, வரிசை வீட்டுல பொறந்தவன்டா நான். ஒருத்தன் மூச்சு முட்டி மொனகுனத என் பேரைப் போட்டு ஊருக்குக் குடுக்கவா? அழிடா!"

அவர் கண் முன்னால் அழித்தேன். ஆதாரம் கேட்பவர்களுக்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஆபரேஷன் முடிந்தது. விரல் மடங்கவில்லை. பாஸ் அவர் வீட்டு மூலையில் நிற்கிறது.

நான் மட்டும் நவம்பர் கடைசியில் மறுபடியும் அங்கே போனேன். ஒரு மைக் ஸ்டாண்டை விட்டுவிட்டேன் என்று போனில் சொல்லியிருந்தேன். நான் எதையும் விட்டுவிட்டு வரவில்லை. ஞானம்மா அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி மூன்று வாரமாம். சண்முகராஜ் வாசலில் கெஸ்ட்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஹாலில் யாரும் இல்லை. மணி 2.40. புதுக் கம்பளம், சுவரிலிருந்து சுவர் வரை. ஜன்னல் பக்கத்து முனையைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது இடத்தில் புதுப் பலகை, தேக்கு, பாலிஷ் வாசனை போகவில்லை. அதன் நடுவில் ஒரு துளை. ஊசி நுழையும் அளவு. அந்த இடத்துக்கு நேராக, கம்பளத்தின் அடிப்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஈரம்.

கம்பளம் நான் நினைத்ததைவிடக் கனம். நான்காக மடித்துச் சுவரோரம் வைத்தேன். வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.